தானியக் களஞ்சியத்தில் காற்றைத் திருப்பும் முறை
(கடலூர், சிதம்பரம் பகுதிக் குடியானவர்களும் கிராம அலுவலர்களும் கவனிக்கத்தக்கது)

வயலில் விளைந்ததைக் களத்துக்குக் கொண்டுவருவதோடு பயிர்த்தொழில் முடிந்துவிடுவதில்லை. களத்திலிருந்து களஞ்சியத்துக்குச் சென்ற நெல்லும் மணிலாக்கொட்டையும் அடுத்த விதைப்பு வரையிலோ, நல்ல விலை வரும் வரையிலோ கெடாமல் இருந்தால்தான் பட்ட பாட்டுக்குப் பலன் உண்டு. புழு, வண்டு, எலி ஆகியவற்றைப் பற்றிக் குடியானவர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் இவற்றுக்கெல்லாம் வழி திறந்துவிடும் ஈரக் காற்றைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை.

களஞ்சியம் கட்டுவோரில் இரு வகையினர் உண்டு. ஒரு வகையினர் எலிக்கும் மழைக்கும் அஞ்சி நான்கு பக்கமும் அடைத்துவிடுகிறார்கள். மற்றொரு வகையினர் காற்று வேண்டுமென்று சுவரின் உச்சியில் சிமெண்டு ஜாலிகளைப் பதித்து, எக்காலமும் திறந்தபடியே விட்டுவிடுகிறார்கள். முதலாவதில் தானியத்தின் வெப்பமும் புழுக்கமும் வெளியேற வழியில்லை. இரண்டாவதில் பகலில் வெளியேறிய ஈரம் இரவில் திரும்பவும் உள்ளே வந்து சேருகிறது. ஆகையால் மூட முடியாத துவாரமும் துவாரமில்லாத சுவரும் ஏறக்குறைய ஒரே தீங்கைச் செய்கின்றன. வேண்டும்போது திறக்கவும், வேண்டாதபோது மூடவும், உள்ளே வரும் காற்றை மேலோ கீழோ திருப்பவும் கூடிய பலகைத் துவாரமே நம் பகுதிக்கு ஏற்றது. அதனைச் செய்யும் முறையும் கையாளும் முறையும் கீழே விவரிக்கப்படுகின்றன.

நம் பகுதியின் காற்று

முன்னாளில் தென்னாற்காடு ஜில்லாவில் அடங்கியிருந்து, 1993இல் தனி மாவட்டமான கடலூர் மாவட்டத்தின் கிழக்கு எல்லை முழுவதும் கடல். கடலூர், பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்கள் கரையிலேயே உள்ளன. சிதம்பரமும் புவனகிரியும் கரைக்கு அதிக தூரமில்லை. எனவே இங்கு வீசும் காற்று ஆண்டு முழுவதும் ஒரே குணமுடையதன்று.

சித்திரை முதல் ஆடி வரை காலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று வீசும். பொழுது ஏற ஏற அது சூடாகி உலர்ந்துவிடும். பிற்பகலில் கடற்காற்று கிளம்பிக் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் உள்ளே வரும். மனிதனுக்கு இதமான அந்தக் காற்று தானியத்துக்கு இதமானதன்று. ஏனெனில் அது கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. ஆடி, ஆவணி, புரட்டாசியில் மாலை வேளைகளில் மேற்கே இடியுடன் மேகம் திரண்டு மழை பெய்வதுண்டு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவக்காற்று மழையை வடக்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும் அறைகிறது. தை, மாசியில் விடியற்காலைப் பனி.

ஒரே திசையில் காற்று வீசும் ஊர்களில் நிலையான துவாரம் போதும். இன்று பாகிஸ்தானில் உள்ள சிந்து மாகாணத்தின் ஹைதராபாத் நகரில், முற்காலத்தில் வீட்டுக் கூரைகள்தோறும் காற்றுப்பிடிப்பான் கூண்டுகள் தென்மேற்குத் திசையையே நோக்கி நின்றன. வெயிற்காலத்தில் அங்கே காற்று அத்திசையிலிருந்தே தவறாது வீசியதால் அவற்றைத் திருப்ப வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நமக்கோ காலைக் காற்று நண்பனாகவும் மாலைக் காற்று பகைவனாகவும் இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டையும் பிரித்தறிந்து நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

காற்றிலிருந்து தானியம் ஈரம் ஏற்கும் விதம்

தானியம் தன்னைச் சூழ்ந்த காற்றுக்கு ஏற்ப ஈரத்தை விடவும் ஏற்கவும் செய்யும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 70 அளவில் நீடித்து நின்றால் நெல் ஏறக்குறைய நூற்றுக்கு 13 முதல் 14 பங்கு ஈரத்தில் நிலைபெறும். காற்றின் ஈரப்பதம் 90ஐ எட்டி அப்படியே நின்றால் நெல்லின் ஈரம் 17 பங்குக்கு மேல் ஏறிவிடும். சேமித்து வைக்கும் நெல்லுக்கு 14 பங்கே மேல் எல்லை. சான்று விதை நெல்லுக்குச் சாதாரணச் சாக்கில் 13 பங்குக்கு மேல் ஈரம் இருக்கலாகாது என்பதும், நூறு விதைக்கு 80க்குக் குறையாமல் முளைக்க வேண்டும் என்பதும் விதி. மணிலா விதைக்கு ஈர எல்லை 9 பங்கு, முளைப்பு 70.

சிதம்பரம் தாலுகாவில் ஒருவர் தை மாதத்துச் சம்பா அறுவடையிலிருந்து விதை எடுத்து வைக்கிறார் என்று கொள்வோம். அந்த விதை ஆவணியில் நாற்றங்காலுக்குப் போகும் வரை ஆறு ஏழு மாதங்கள் களஞ்சியத்தில் இருக்கவேண்டும். பகலில் வெப்பக் காற்றாலும் இரவில் ஈரக் காற்றாலும் மாறி மாறித் தாக்கப்படும் விதையின் உயிர் சிறிது சிறிதாகக் குறைகிறது. வெளிப்பார்வைக்கு நெல் பொன்போல இருக்கும். நாற்றங்காலில் விதைத்த பிறகே இடைவெளிகள் தெரியவரும். அப்போது பருவத்தில் ஒரு வாரம் கழிந்திருக்கும். உணவு நெல்லுக்கும் தீங்கு உண்டு. நன்றாக உலர்ந்த நெல்மணி திடீரென்று ஈரத்தை ஏற்றால் உள்ளே வெடிப்புக் கண்டு, அரைக்கும்போது நொய்யாகிவிடும்.

மணிலாவில் வரும் ஆபத்து இன்னும் பெரிது. ஈரமேறிய பருப்பில் பச்சை மஞ்சள் நிறப் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்குக் காரணம், அவற்றின் தீவனத்தில் சேர்ந்த மணிலாப் பிண்ணாக்கில் இருந்த இந்நஞ்சே என்று பின்னர் கண்டறியப்பட்டது. மானாவாரி மணிலாவை நம் பகுதியில் பறிக்கும் காலமும் பருவமழை தொடங்கும் காலமும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. மார்கழிப் பட்டத்துக்கு வேண்டிய விதை அந்த மழைக்காலம் முழுவதும் களஞ்சியத்திலேயே இருக்கவேண்டும். ஆகையால் இங்கே அஜாக்கிரதைக்கு இடமில்லை.

துவாரம் வைக்க வேண்டிய இடம்

காற்று ஓர் அறைக்குள் வர வேண்டுமானால் அது வெளியே போகவும் வழி இருக்கவேண்டும். ஒரே சுவரில் நான்கு துவாரங்கள் வைப்பதைவிட எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு வைப்பது மேல். காற்று மோதும் சுவரில் அது உள்ளே தள்ளப்படுகிறது. மறுபக்கத்துச் சுவரில் வெளியே உறிஞ்சப்படுகிறது. காற்றே வீசாத நாளிலும் உள்ளிருக்கும் சூடான காற்று மேலெழும். எனவே உள்வழி தாழ்வாகவும் வெளிவழி உயரமாகவும் இருந்தால் இரண்டு சக்திகளும் ஒன்றுசேர்ந்து உதவும்.

நம் பகுதிக்குக் கிழக்கு, மேற்குச் சுவர்கள் இரண்டிலும் கீழ்த்துவாரங்களும் மேல்துவாரங்களும் எதிரெதிராக அமைப்பது நன்று. கீழ்த்துவாரத்தின் அடிப்பக்கம் வெளித்தரையிலிருந்து 3 அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் எலி தாவும். மேல்துவாரம் கூரைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நன்மை. வெளிவழிகளின் மொத்தப் பரப்பு உள்வழிகளின் பரப்புக்குக் குறையலாகாது. எல்லாத் துவாரங்களுக்கும் மேல் நல்ல நீட்டமுள்ள இறவாணமோ சிமெண்டு மழைமறைப்போ அவசியம்.

பலகைகளின் அமைப்பு

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளின் சன்னல்களைக் கண்டவர்களுக்கு இவ்வமைப்பு புதிதன்று. சட்டத்துக்குள் மெல்லிய பலகைகள் வரிசையாகக் கிடந்து, ஒரே கோலை ஏற்றி இறக்கினால் யாவும் ஒன்றாகத் திரும்புவதை அங்கே காணலாம். களஞ்சியத்துக்கு அதையே சற்று வலுவாகச் செய்துகொள்ள வேண்டும்.

உள்ளளவு 2 அடி அகலமும் 25 அங்குல உயரமும் உள்ள ஒரு மரச்சட்டம் வேண்டும். அதில் 4 அங்குல அகலமும் அரை அங்குலக் கனமும் உள்ள 7 பலகைகளை, நடுவுக்கு நடு மூன்றரை அங்குல இடைவெளியில் பொருத்தவேண்டும். ஒவ்வொரு பலகையின் இரு முனைகளிலும் நடுவில் இரும்பு முளை இருக்கும். அது சட்டத்தின் துளையில் சுழலும். பலகை அகலம் இடைவெளியைக் காட்டிலும் அரை அங்குலம் கூடுதலாக இருப்பதால், மூடும்போது ஒன்றின்மேல் ஒன்று படிந்து இடைவெளியை மறைக்கும். பலகைகளின் உள்விளிம்புகளை ஒரு செங்குத்துக் கோலில் வளையாணிகளால் இணைத்துவிட்டால் தச்சு வேலை முடிந்தது. கோலை நிறுத்தச் சட்டத்தில் நான்கு துளைகளும் ஒரு கொக்கியும் போதும்.

நன்கு உலர்ந்த தேக்கு, வேம்பு, பூவரசு ஆகியவற்றில் எதையும் உபயோகிக்கலாம். பச்சை மரம் வளைந்துவிடும். மழைக்காலத்தில் மரம் ஊதும் என்பதால் பலகையின் இரு முனைகளிலும் அரைக்கால் அங்குலம் இடம் விட்டுப் பொருத்தவேண்டும். இல்லாவிடில் மூட வேண்டிய நாளில் பலகை நகராது. பலகைகளின் உட்புறம், கோல் அசைவதற்கு இடம்விட்டு, கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை ஒரு தனிச் சட்டத்தில் அடித்து மாட்டவேண்டும். வலையில் தூசி படிந்தால் காற்று தடைப்படும். ஆகையால் கழற்றித் தட்டும்படி அது இருக்கவேண்டும். மேல்துவாரத்தின் கோலை ஓர் எடை கப்பி வழியாக மேலே இழுக்கும்படி கட்டி, கயிற்றால் கீழே இழுத்துத் திறக்கலாம். கயிற்றை விட்டால் எடையால் தானே மூடிக்கொள்ளும்படி அமைப்பது உத்தமம். மறதியால் வரும் நஷ்டம் அப்போது குறையும்.

பலகைகளின் நான்கு நிலைகள்

முதல் நிலை: பலகைகள் கிடையாகக் கிடப்பது. இதில்தான் காற்று மிகுதியாக வரும். பலகைகளின் கனத்தைக் கழித்தால் துவாரத்தில் நூற்றுக்கு 86 பங்கு திறந்திருக்கும்.

இரண்டாம் நிலை: வெளிவிளிம்பு தாழ்ந்து உள்விளிம்பு உயர்ந்திருப்பது. மழைத்துளி வெளியே வழிந்தோடும். ஆனால் உள்ளே வரும் காற்று மேல்நோக்கித் திரும்பி, மூட்டைகளைத் தொடாமல் கூரையை நோக்கிச் சென்றுவிடும். கூரையடியில் தேங்கிய வெப்பத்தை ஓட்டுவதற்கு இந்நிலை நன்று.

மூன்றாம் நிலை: உள்விளிம்பு தாழ்ந்து வெளிவிளிம்பு உயர்ந்திருப்பது. காற்று தரையை நோக்கித் திரும்பி, மூட்டைகளின் அடியில் உள்ள சட்டங்களுக்கிடையே புகுந்து செல்லும். தானியத்துக்குக் காற்றூட்ட இதுவே சிறந்த நிலை. ஆயினும் மழை பெய்தால் நீரும் இதே வழியாக உள்ளே வரும். ஆதலால் வானம் தெளிந்த நாளில், ஆள் அருகில் இருக்கும்போது மாத்திரம் இந்நிலையில் வைக்கவேண்டும்.

நான்காம் நிலை: முற்றிலும் மூடியிருப்பது. அப்போதும் பலகைகள் வெளிப்புறம் தாழ்ந்து படியும்படி அமைந்திருக்க வேண்டும்.

மழைக்குப் பாதுகாப்பான சாய்வு காற்றை மேலே அனுப்புகிறது. தானியத்துக்கு உதவும் சாய்வு மழையை உள்ளே விடுகிறது. நிலையாகப் பதித்த பலகைகளால் ஏதேனும் ஒன்றைத்தான் செய்ய இயலும். திருப்பும் பலகை வேண்டும் என்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சாய்வு கூடக் கூடக் காற்றின் அளவும் குறையும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். மேற்சொன்ன அளவுள்ள துவாரத்தில் பலகைகளை 45 பாகை சாய்த்தால் திறப்பு நூற்றுக்கு 56 பங்காகவும், 60 பாகை சாய்த்தால் 36 பங்காகவும் குறைகிறது. ஆகையால் திசை திருப்புவதற்கு 30 முதல் 45 பாகை வரை சாய்த்தால் போதுமானது.

மூட்டை அடுக்கும் முறை

துவாரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை ஒட்டி மூட்டைகளை அடுக்கினால் பிரயோஜனமில்லை. சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே இரண்டரை அடி இடம் விடவேண்டும். தரையில் மரச்சட்டங்களை இட்டு அவற்றின்மேல் அடுக்கவேண்டும்; அச்சட்டங்கள் கிழக்கு மேற்காக, காற்று செல்லும் திசையிலேயே கிடக்க வேண்டும். குறுக்கே கிடந்தால் அவையே காற்றுக்கு அணையாகிவிடும். மேல்துவாரத்தின் மட்டத்துக்கு மேலே மூட்டைகளை ஏற்றலாகாது.

திறக்கும் நேரமும் மூடும் நேரமும்

ஈரத்தை அளக்க உலர்குமிழ், ஈரக்குமிழ் என்னும் இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றின் குமிழில் நனைந்த துணியைச் சுற்றி இரண்டையும் நிழலில் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட வேண்டும். உலர்குமிழ் 32 பாகை செல்சியஸ் அளவில் காட்டும்போது இரண்டுக்கும் 5 பாகையோ அதற்கு மேலோ வித்தியாசமிருந்தால், காற்றின் ஈரப்பதம் 70க்குக் கீழே இருக்கிறது, திறக்கலாம். வித்தியாசம் அதற்குக் குறைந்தால் மூடவேண்டும். கடிகாரம் போன்ற ஈரமானிகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை ஆண்டுக்கொருமுறையாவது நல்ல கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

சித்திரை முதல் ஆடி வரை, காலையில் ஈரம் குறைந்தவுடன் மேற்குக் கீழ்த்துவாரத்தை மூன்றாம் நிலையிலும் கிழக்கு மேல்துவாரத்தை முதல் நிலையிலும் வைக்கவேண்டும். காற்று கிழக்குக்கு மாறியதும் கருவியைப் பார்த்து, ஈரம் ஏறியிருந்தால் எல்லாவற்றையும் மூடவேண்டும். ஆடி, ஆவணி, புரட்டாசியில் மேற்கே மேகம் கண்டவுடன் மேற்குத் துவாரங்களை முதலில் மூடவேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை மூடியிருப்பதே விதி, திறப்பது விலக்கு. மழைவிட்டு வெயில் காய்ந்து கருவி இடங்கொடுக்கும் நண்பகலில் மட்டும் சிறிது நேரம் திறக்கலாம். தை, மாசியில் பனி கலைந்து வெயில் ஏறிய பின் திறந்து, பொழுது சாய்வதற்குள் மூடிவிடவேண்டும்.

மாலையில் மூடுவதில் மிகுந்த கவனம் வேண்டும். தகரக் கூரையும் கல்நார் கூரையும் இரவில் விரைவாகக் குளிர்ந்துவிடும். உள்ளே ஈரமான கடற்காற்று அடைபட்டிருந்தால், அது குளிர்ந்த தகட்டில் பட்டு நீர்த்துளியாகி மேல் அடுக்கு மூட்டைகளின்மேல் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று எண்ணித் தகட்டை மாற்றுவோர் உண்டு. ஒழுகியது கூரையன்று, முந்தின மாலை உள்ளே விட்ட காற்றே ஆகும். உலர்ந்த காற்று உள்ளே இருக்கும்போதே மூடிவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் இராது.

சில எச்சரிக்கைகள்

இத்துவாரங்கள் ஈர நெல்லை உலர்த்தித் தரும் என்று எவரும் எண்ணலாகாது. நூற்றுக்கு 18, 20 பங்கு ஈரத்தோடு மூட்டை கட்டிய நெல்லைச் சுவர்த்துவாரத்துக் காற்றால் காப்பாற்ற இயலாது. அதனைக் களத்திலோ உலர்த்தும் இயந்திரத்திலோ உலர்த்திய பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். உலர்ந்ததை உலர்ந்தபடியே காப்பதுதான் துவாரத்தின் வேலை.

பூச்சிகளுக்கு நச்சுப்புகை இடுவது பயிற்சியும் அனுமதியும் பெற்றவர் செய்ய வேண்டிய காரியம். பலகைத் துவாரம் மூடியிருந்தாலும் வாயு கசியும். ஆகையால் மூட்டைகளை வாயு புகாத விரிப்பால் மூடுவதற்கு அது ஈடாகாது. வேலை முடிந்து, அந்தப் பயிற்சி பெற்றவர் சொன்ன பிறகே எல்லாத் துவாரங்களையும் திறந்து வாயுவைப் போக்கவேண்டும். அதுவரை ஒருவரும் உள்ளே நுழையலாகாது. அருகில் படுத்துறங்கவும் கூடாது.

புயலையும் மறக்கலாகாது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, பலாவும் முந்திரியும் அடங்கிய தோப்புகளை வேரோடு சாய்த்ததை இப்பகுதியார் நன்கறிவர். களஞ்சியத்துக்குள் புகுந்த பெருங்காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும். எனவே புயலறிவிப்பு வந்ததும் பலகைகளை மூடுவதோடு, அவற்றுக்கு வெளியே ஒரு குறுக்குத் தாழையும் இறுக்கவேண்டும். அதற்குரிய கொண்டிகளைத் துவாரம் அமைக்கும்போதே சுவரில் பதித்துவிடுவது நலம்.

கிராம அலுவலர்களுக்கு

கிராமத்தில் பொதுக் கிடங்கோ கூட்டுறவுக் கிடங்கோ இருந்தால், அறுவடைக்கு ஒரு மாதம் முன்பாக அதன் துவாரங்களைப் பார்வையிடுதல் நன்று. பலகைகள் சுழல்கின்றனவா, வலை கிழியாதிருக்கிறதா, மூட்டைகள் சுவரை ஒட்டியுள்ளனவா என்னும் மூன்றையும் பார்த்தால் போதும். துவாரங்களைத் திறக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவைத்து, காலை மாலைக் குறிப்பை ஒரு நோட்டில் பதியச் செய்யலாம். எல்லோருக்கும் பொதுவான வேலை ஒருவரும் செய்யாத வேலையாக முடிவது கிராமங்களில் புதிதன்று.

பழைய சிமெண்டு ஜாலி உள்ள களஞ்சியங்களை இடிக்க வேண்டியதில்லை. ஜாலியின் உட்புறத்தில் மேற்சொன்ன பலகைச் சட்டத்தைப் பொருத்தினாலே பாதிப் பயன் கிடைத்துவிடும். முதலில் விதை வைத்திருக்கும் அறைக்கு மட்டும் எதிரெதிராக இரண்டு துவாரங்கள் செய்து, ஒரு பருவம் கையாண்டு பார்க்கலாம். விதைப்புக்கு முன் நூறு விதைகளை ஈரச்சாக்கில் முளைக்கவிட்டு எண்ணினால் அதன் பலன் கண்முன் தெரியும். எண்பதுக்குக் குறையாமல் முளைத்தால், களஞ்சியத்தில் அவ்விதை ஆறு மாதமும் நன்றாகவே காக்கப்பட்டது என்று கொள்ளலாம்.